உப்புத் தண்ணீரின் விலை

"உப்புத் தண்ணிக்குமா காசு?" கப்பல் சமையல்காரர் வாய்விட்டுச் சிரிக்கிறார். "இருபது வருஷம் அது மேலதான் சோறு வடிச்சேன், ஒருத்தரும் பில்லு நீட்டலையே!" வளர்ப்பு மீன் கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. "கடல் மீன் தொட்டிக்குக் கரையில மொண்டுட்டு வர்ற தண்ணி சரிவராதுண்ணே. சுத்தமான தண்ணியில இதுக்குன்னு விக்கிற உப்பைக் கலக்கணும். அப்புறம் பாறை, தனி விளக்கு, பம்பு. நல்ல தண்ணித் தொட்டியைப் போல நாலு மடங்கு ஆகும்." "ஆகட்டும்" என்கிறாள் சமையல்காரரின் மனைவி. தொட்டியின் நீல வெளிச்சம் அவள் கன்னத்தில் நெளிகிறது. வீட்டுக்குள்ளேயே ஒரு துண்டுக் கடல் இருந்துவிட்டால் வெளியே இருக்கும் கடல் இவரைக் கூப்பிடாது என்று நம்பித்தான் அவள் வந்திருக்கிறாள். அடுத்த கப்பல் பயணத்துக்கான ஒப்பந்தக் காகிதம், இன்னும் கையெழுத்தாகாமல், அவர் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்க்கிறது. "அதுக்கென்ன, இன்னொரு தடவை கப்பல் ஏறிட்டு வந்து வாங்கிட்டாப் போச்சு" என்கிறார் அவர், விளையாட்டாக. தொட்டிக் கண்ணாடியில் வைத்திருந்த கையை அவள் சூடு பட்டதுபோல் எடுத்துக்கொள்கிறாள். பக்கத்து நல்ல தண்ணீர்த் தொட்டியில் நகத்தளவு சிவப்பு மீன்கள். அவர் குனிந்து கண்ணாடிமேல் விரலை ஓட்ட ஓட்ட, எல்லாம் ஒன்றாக அதன் பின்னாலேயே திரும்புகின்றன. வெங்காயம் நறுக்கித் தழும்பேறிய அந்த விரலையே அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு அவரருகே குனிந்து, சட்டைக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "நமக்கு இதுவே போதுங்க. ஆனா தினமும் காலையில நீங்கதான் தீனி போடணும். என் கையால போட்டா இதுங்க சாப்பிடாது. போடுறேன்னு சொல்லுங்களேன்."