பூச்சட்டி கட்டிய தடைமரம்

இரு ஐரோப்பிய நாடுகளுக்கு நடுவே ஓடும் ஆற்றின் பாலத்தில், என்றோ தூக்கிய எல்லைத் தடைமரம் பிறகு இறங்கியதே இல்லை. நகராட்சி அதில் பூச்சட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. அக்கரையில் ரொட்டி சுடும் வெதுப்பகத்தில் வேலை செய்யும் வில்வராசாவும் மனைவி பவளராணியும் தினமும் அதன் கீழாகத்தான் ஆளுக்கொரு சைக்கிளில் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைத் தேர்தலில், ஐரோப்பாவோடு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்ற கட்சி வென்றது. திங்கள் காலை ஒரு தொழிலாளி பூச்சட்டிகளை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, தடைமரத்தின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். சீருடைக்காரர் யாரும் இல்லை. வில்வராசா இறங்கிச் சைக்கிளை உருட்டத் தொடங்கினார்.

“ஏனப்பா இறங்கினனீங்கள்? ஒருத்தரும் மறிக்கேல்லையே,” என்றாள் பவளராணி.

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. தொப்பியையும் கழற்றிக் கையில் வைத்திருந்தார், இலங்கையில், ஊரில் ஆமிச் சென்றிக் காவலரணைக் கடக்கும்போது செய்ததுபோலவே.

பவளராணியும் இறங்கினாள். பின்னால் சைக்கிளில் வந்த வெள்ளைக்காரர் இவர்களைப் பார்த்தார், தடைமரத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகு அவரும் இறங்கினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் இறங்கினார்கள்.

தொழிலாளி எண்ணெய்க் குப்பியோடு நிமிர்ந்து, ஏறிப் போங்கள் என்று கைகாட்டினான். ஒருவரும் ஏறவில்லை.