சிந்தனை: சீனிவாசலு

"இது அநியாயங்க அத்தை!"

ஹாரிகா போனை நீட்டிக்கொண்டே சமையலறைக்குள் வந்தாள்.

"என்ன கண்ணு?" மாமியார் ரங்கநாயகி அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"மாமா இன்னைக்கு ஃபேஸ்புக்ல போட்டிருக்கறதப் பாருங்க."

திரையில் சீனிவாசலு பிளேசர் மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு, எங்கோ தொலைதூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீளமேட்டில் பம்ப்செட் கம்பெனி நடத்துகிறவருக்கு அங்கே என்னதான் தெரிந்ததோ! பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்.

'கதவைச் சாத்த ஒரு கை போதும். திறக்கத்தான் மனசு வேண்டும். சிந்தனை: சீனிவாசலு.'

"நேத்து மாமாவுக்குத் தோசை போடறப்ப நீங்க சொன்னதுங்க இது!"

"அப்படியா? நல்லாத்தான் இருக்குது."

"போன மாசம் 'கத்துறவன் பேச்சு காதோட நின்னுடும்'னு போட்டாரே, அதுவும் உங்களுதுதான்."

"ஆமா, அதுக்கப்புறம் கம்பெனியில சத்தமே போடறதில்லையாமே?" என்றாள் ரங்கநாயகி அப்பாவியாக.

"அவிநாசிப் பக்கம் ஒரு காலேஜ்ல பேச வேற கூப்பிட்டிருக்காங்க. பேரு அவருக்கு, அவரைக்காய் உங்களுக்கு!"

ஹாரிகாவுக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. மனசைத் திறக்கச் சொல்லி ஊருக்கு உபதேசம் செய்கிற இதே மனிதர், தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காகத் தன் ஒரே மகள் அக்ஷிதாவை இரண்டு வருஷமாக வாசல்படி மிதிக்க விடவில்லை. இத்தனைக்கும் அவள் பக்கத்தில், கருமத்தம்பட்டியில்தான் இருக்கிறாள். இப்போது முழுகாமல் வேறு இருக்கிறாள்.

"இருங்க, இது எங்க அத்தை சொன்னதுன்னு நானே கமென்ட் போடறேன்."

"ஐயோ, வேண்டாம் அம்மணி!" ரங்கநாயகி பதறிப்போய்க் கத்தியைக் கீழே வைத்தாள்.

அதற்குள் சீனிவாசலுவே போனும் கையுமாக வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"ஹாரிகா கண்ணு, ஒரு கமென்ட அழிக்கறது எப்படி?"

வாங்கிப் பார்த்தாள். அக்ஷிதா எழுதியிருந்தாள்: 'அப்பா, அப்ப நான் வரட்டுங்களா?'

ஹாரிகா மற்ற கமென்டுகளையும் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அழிச்சுடலாங்க மாமா. ஆனா எல்லாரும் பாத்துட்டாங்க. காலேஜ் பிரின்சிபாலே 'உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம் சார்'னு போட்டிருக்காரு."

சீனிவாசலு நாற்காலியில் உட்கார்ந்தார். கமென்டை மறுபடி படித்தார்.

"அப்பான்னு கூப்பிட்டிருக்கா" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். 'வா கண்ணு' என்று அடித்துவிட்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்பிள்ளையையும் கூட்டீட்டு வரச் சொல்லட்டுமா?"

"எனக்கென்னங்க தெரியும்? சிந்தனையெல்லாம் உங்களுது."

அதையும் சேர்த்து அனுப்பினார். அனுப்பிய பிறகு உட்கார முடியவில்லை.

"அவங்க எதுக்கு பஸ்ல வரோணும்? நானே போய்க் கூட்டீட்டு வாரேன்" என்று கார் சாவியைத் தேடி ஓடினார்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஹாரிகா சந்தோஷத்தில் மாமியாரைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் தட்டில் மலைபோல் குவிந்திருந்த அவரைக்காய் கண்ணில் பட்டது.

"ஏனுங்க அத்தை, நம்ம நாலு பேருக்கா இவ்வளவு? அவ கமென்ட் போடுவான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ரங்கநாயகி சிரித்துக்கொண்டே மறுபடி கத்தியை எடுத்தாள்.

"போடச் சொன்னதே நாந்தான் கண்ணு. ரெண்டு வருஷமா நாஞ் சொன்னப்பெல்லாம் அது பொலம்பல். அவரே சொன்னதுன்னா, அதும்படி நடந்துதானே ஆகோணும்?"