வலி எந்தப் பக்கம்?

"வலி எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டே கேட்டாள் மரகதம்.

"வலது பக்கம்," என்றார் அவள் கணவர் புருஷோத்தமன். "நேத்து போன இடத்துல பாதியில பக்கத்தை மாத்திப் பிடிச்சிக்கினேன். நல்ல வேளை, அந்த டாக்டர் கவனிக்கல."

மண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் விவகாரங்களைக் கவனிக்கும் பெர்சனல் ஆபீசர் அவர். அந்த 1991-ஆம் ஆண்டில்தான் தொழிலாளர்களுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் வரவிருந்தது. எந்த ஆஸ்பத்திரிகளைச் சேர்க்கலாம் என்று தரம் பார்த்துச் சொல்வது அவர் வேலை. மேலிடம் அனுப்பிய விதிகளில் முதல் விதியே லிஃப்ட் இருக்க வேண்டும் என்பது. ஸ்ரீபெரும்புதூரில் மாடியே இல்லாத ஆஸ்பத்திரிகளில் லிஃப்டை எங்கே தேடுவது?

எனவே அவரே ஒரு விதி கண்டுபிடித்தார். நன்றாக இருக்கும் ஆள் போய் வலிக்கிறது என்று கத்த வேண்டும். படுக்கப் போட்டால் அந்த ஆஸ்பத்திரி ஃபெயில். இதுவரை போன இரண்டு இடங்களிலும் படுக்கப் போட்டு குளுக்கோஸ் ஏற்றிவிட்டார்கள்.

"பொய் வலிக்கு நிஜ ஊசி. இப்படியெல்லாம் உங்களுக்குத்தான் தோணும்," என்றாள் மரகதம்.

"என்ன பண்றது? காலேஜ் நாடகத்துல பிணமா படுத்தவன் நான். அதுலயும் தும்மிட்டேன். இப்பவாவது நாலு பேர் நம்புறாங்களேன்னு சந்தோஷப்படு."

மூன்றாவதாக வந்தது டாக்டரம்மா ஜெயத்தின் ஆஸ்பத்திரி. ஓட்டுக் கட்டடம். மொத்தமே ஆறு கட்டில். வாசலில் கால் வைத்ததும் புருஷோத்தமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ... அம்மா!" என்று அலறினார்.

ஆயா கிளியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னா சார், இம்மாம் கத்து கத்துறே? பிரசவ வலியில கீற பொண்ணே உள்ள கம்முனு கீது!"

புருஷோத்தமனுக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு சுருதி குறைத்துக்கொண்டார்.

டாக்டர் ஜெயம் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலது பக்கம், இடது பக்கம். தொப்புளுக்கு மேலே வந்ததும் கை நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"ஆபீஸ்ல மட்டும்."

"வீட்லயும்," என்றாள் மரகதம்.

டாக்டரின் முகம் மாறியது. "உடனே மெட்ராஸ் போகணும். நம்ம வண்டியிலயே அனுப்புறேன். நீங்க எழுந்து நடக்கக் கூடாது."

புருஷோத்தமனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மற்றவர்களாவது குளுக்கோஸோடு விட்டார்கள்! விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ஃபெயில்! டாக்டரம்மா, எனக்கு வலியே கிடையாது. ஃபேக்டரி சார்பா உங்களைச் சோதிக்க வந்தவன் நான். அத்தனையும் நடிப்பு! மெட்ராஸுக்கு ஆள் அனுப்பினா உங்களுக்குக் கமிஷனா?"

மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் கோபப்படவில்லை. அவருடைய தோளைப் பிடித்து, குழந்தையைப் படுக்கவைப்பது போல மெல்லப் படுக்கவைத்தார்.

"நடிப்புன்னு நீங்க வாசல்ல கத்தினப்பவே தெரியும் சார். லீவு வேணும்னா உங்க ஃபேக்டரி ஆளுங்க இதைவிட நல்லா நடிப்பாங்க," என்றார். "ஆனா உள்ள ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கி என் கையில துடிக்குதே, அது நடிப்பு இல்ல. அது வலிக்காது சார்... வெடிக்கும்."