விரிசலுக்கு ஒரு வேல்

படுதா போட்ட ஒரு கிழட்டு ஜீப். வெயிலில் காய்ந்து காய்ந்து அதன் பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலில் ஒரு விரிசல் விழுந்தது. மாற்றித் தைக்கச் சோம்பல்பட்ட முதலாளி கனகசபை, அதன்மேல் ஒரு வேல் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்.

டிரைவர் தலைக்குமேல் தொங்கிய சின்னக் கண்ணாடிக்கு இது பிடிக்கவில்லை. பின்னால் வருவதைக் காட்டுவதுதான் அதன் பிழைப்பு. அது பார்ப்பதோ அந்த ஜன்னல் வழியாக.

"அக்கா, விரிசல் அப்படியேதானே இருக்கு?"

"வாயைக் கழுவு! எங்கே இருக்கு, காட்டு பாப்போம்" என்றது ஜன்னல்.

அடுத்த விரிசலுக்கு மயில் வந்தது. அதற்கடுத்ததற்கு 'அம்மா துணை' வந்தது. மிச்சமிருந்த இடத்தைத் திருஷ்டி பொம்மை ஒன்று நாக்கை நீட்டி அடைத்துக்கொண்டது. ஜன்னலுக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணாடிக்கோ எல்லாருடைய வெள்ளை முதுகும்தான் தெரிந்தது.

"அக்கா, பின்னாடி என்ன இருக்குன்னே தெரியலையே!"

"இத்தனை பேர் காவல் நிக்கிறாங்க. என்ன இருந்தா உனக்கென்ன?"

பின்னால் இருந்தது மதில் சுவர். கனகசபை ரிவர்ஸ் எடுத்தார். ஜீப் முட்டிய முட்டில் கண்ணாடியில் குறுக்கே விரிசல் விழுந்தது.

"ஐயோ, எனக்கும் விரிசல்!"

"அழாதேடி தங்கம்" என்றது ஜன்னல், வாஞ்சையாக. "அவர் கையைப் பாரு. உனக்குப் பிள்ளையாரே வர்றார்."