முப்பத்தேழாம் பக்கம்

மனித வரலாற்றில் முதன்முறையாக, அன்று பிற்பகல், காலம் ஒரு மனிதனின் கைக்குள் அடங்கியது.

கைப்பேசியில் சார்ஜ்தான் கொஞ்சம் கம்மி.

அவர் திரையைத் தடவிப் பார்த்தார். நாள் முழுவதும் வண்ண வண்ணக் கட்டங்கள். பச்சையில் சிந்தனை. மஞ்சளில் மக்கள் தொடர்பு. தேநீருக்கும் ஒரு கட்டம், நீல நிறத்தில். நேர மேலாண்மையும் தனிமனித பிராண்டிங்கும் இணையவழியில் கற்றுத் தேர்ந்த கிளை நூலகர் அந்த மாவட்டத்திலேயே அவர் ஒருவர்தான். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று. ஆணி அடிக்க எந்தக் கட்டத்திலும் இடமில்லாமல் ஒரு வாரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

இப்போது சிவப்புக் கட்டம்.

சிவப்பு என்றால் பிராண்ட்.

புத்தகத் திருவிழாவின் நுழைவாயில் வளைவில் ஒரு நூலகரின் முகத்தை வைக்கப்போகிறார்கள். விருப்பமுள்ளவர்கள் தாம் வாசிப்பதை வீடியோவாக எடுத்து நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். முகத்துக்குக் கீழே பெயரும் போடுவார்களாம்.

பெயர். அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. ஓய்வுபெறும் வயது வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஊரில் ஒருவர்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'லைப்ரரிக்காரர்' என்பார்கள். அதுவும் ஞாபகம் வந்தால்.

நூல்நேசர் நாச்சிமுத்து.

'வாசிப்பு வள்ளல்' என்றும் யோசித்திருந்தார். வள்ளல் என்று போட்டால் நன்கொடை ரசீதோடு வந்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டார்.

உள்ளே மின்விசிறி தூக்கத்தில் உளறிக்கொண்டிருந்தது. செய்தித்தாள் மேசையில் நாலைந்து பெரியவர்கள் ஒரே நாளிதழை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டு அப்படியே கண்ணயர்ந்திருந்தார்கள். மூச்சுக்கு மூச்சு தாள்கள் ஏறி இறங்கின.

அலமாரிகளுக்கு நடுவே வெயில் ஒரு தூண்போலச் சாய்ந்திருந்தது. அவர் அதற்குள் போய் நின்றார்.

உதவியாளர் பொற்கொடி அவருடைய கைப்பேசியைப் பிடித்துக்கொண்டாள்.

திட்டம் எளிது. புத்தகத்தைத் திறந்து வாசிக்க வேண்டும். பிறகு நிமிர்ந்து, "வாருங்கள், வாசிப்போம்" என்று புன்னகைக்க வேண்டும்.

கைக்கு வந்த தடிப் புத்தகத்தை எடுத்தார். திறந்தார். ஒரு கணம் பார்த்தார். திருப்தியோடு மூடினார்.

"அதுக்குள்ள படிச்சாச்சுங்களா?"

இன்னொரு புத்தகம். திறந்தார். பார்த்தார். மூடினார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க படிக்கலீங்க. சீல் பாக்கறீங்க."

உண்மைதான். அட்டை கிழிந்துபோனாலும் புத்தகம் யாருடையது என்று தெரிய, எல்லா நூலகங்களும் உள்ளே ஒரு பக்கத்தில் ரகசியமாக முத்திரை குத்தி வைக்கும். இங்கே அது முப்பத்தேழாம் பக்கம். எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் அவர் விரல்கள் நேரே அங்கே போய் நிற்கும். முத்திரை இருக்கிறதா? இருக்கிறது. உலகம் சரியாக இருக்கிறது. மூடிவிடலாம்.

முப்பத்தேழாம் பக்கங்களை அவர் அளவுக்குப் பார்த்தவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது.

மூன்றாவதாக ஓர் ஒல்லி நாவலை இடது கையால் எடுத்தார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். முதல் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

மழை விட்ட மறுநாள் அவள் கதவைத் திறந்தபோது வாசலில் கடல் இருந்தது.

வாசலிலா?

கடல் எப்படி வாசலுக்கு வரும்? கண்டிப்பதற்காகத்தான் அடுத்த வரியைப் பார்த்தார்.

அவள் ஒரு காலை உள்ளே வைத்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால் இருந்த கை தானாக முன்னால் வந்தது. பக்கத்தைத் திருப்பியது.

"சார், நிமிந்து பாருங்க. வாருங்கள் வாசிப்போம்னு சொல்லுங்க."

அவர் நிமிரவில்லை.

அலமாரிகளுக்கு அடியில் முதலில் ஈரம். பிறகு அலை. நூலகம் என்பதால் சத்தமில்லாமல் வந்தது. செய்தித்தாள் மேசை லேசாக மிதந்தது. பெரியவர்கள் கண் திறக்காமலே தோணிகள்போல ஆடினார்கள். பச்சைக் கட்டம், மஞ்சள் கட்டம், நீலக் கட்டம், எல்லாம் அவர் முழங்காலை உரசிக்கொண்டு மீன்களாக நழுவிப் போயின.

"சார், மூணு பர்சன்ட்தான் இருக்குதுங்க."

முப்பத்தேழாம் பக்கம் வந்தது. முத்திரையும் இருந்தது, வட்டமாக, ஊதா மையில். அதற்குக் கீழே அவள் கழுத்தளவு தண்ணீரில் நின்று தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் முத்திரையைக் கவனிக்கவில்லை.

கைப்பேசி அணைந்தது. நாலு மணி ஏதோ தூரத்துக் கரையில் அடித்து ஓய்ந்தது.

பெரியவர்கள் விழித்து, தாள்களை ஒன்று சேர்த்து வைத்துவிட்டு, செருப்புகளை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். வெயில் சுவரேறிக் காணாமல் போனது.

"மணியாச்சுங்க சார். வளைவெல்லாம் போச்சு. பூட்டோணுங்க."

அவர் ரொம்ப தூரத்திலிருந்து அவளைப் பார்த்தார்.

"வீடு கண்ணுக்குத் தெரியுது, பொற்கொடி. ஆனா அவ திரும்பி வரமாட்டா போல. இன்னும் பாதிக் கதை இருக்குது."

"அப்பிடீங்களா?" என்றாள்.

பதியாமல் ஒரு புத்தகமும் வாசலைத் தாண்டக் கூடாது என்று எழுதி ஒட்டியவர் அவர்தான். இன்றைக்கு அதை மீற மனம் வரவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு பிடித்தபடி மேசைக்கு வந்து, முதல்முறையாக, வாசகர்கள் நிற்கும் பக்கத்தில் நின்றார்.

அணைத்துவிட்ட கணினியைப் பொற்கொடி மறுபடி போட்டாள். அது விழித்ததும் இரவல் பதிவைத் திறந்தாள்.

"கார்டு நம்பர் சொல்லுங்க சார்."

அவர் அந்த நூலகத்தில் உறுப்பினர் இல்லை.