பனிமேல் பாகு

2009 ஏப்ரல் 4, சனிக்கிழமை. கியூபெக்கின் போஸ் பகுதியில் நண்பகல் வெப்பம் ஆறு டிகிரி. மேப்பிள் தோப்பில், மரத்தொட்டியில் அடித்து நிரப்பிய பனிமேல் மேப்பிள் சாறு காய்ச்சிய கொதிக்கும் பாகை, இறுகியதும் குச்சியில் சுற்றித் தின்ன, வரிவரியாக ஊற்றுகிறார்கள். ஆவியில் கிஸ்லேனுக்கு அப்பாவின் சட்டை வாசம். அவருடைய தோப்பை விற்ற சண்டைக்குப்பின் ஒன்பது வருடமாகப் பேசாத தம்பி ரோசேர் எதிரே நிற்பதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். திரும்பிப் போய்விடத் தோன்றுகிறது. அதற்குள் அவன், சின்ன வயதில் செய்ததுபோலவே, பாகு இறுகுமுன் குச்சியில் சுற்றித் தாடியெல்லாம் ஒழுகவிடுகிறான்.

"அவசரக்குடுக்கை! பத்து எண்ணிட்டுச் சுத்துன்னு எத்தனை தடவைடா சொல்றது?" அவளுக்கு வாய் முந்திக்கொள்கிறது.

"நீ நூறு எண்ணிப் பல்லை உடைச்சுக்கிட்டவதானேக்கா!"

அவள் கைக்குட்டையை நீட்டுகிறாள். அவன் வாங்கித் துடைத்துக்கொள்கிறான். மூன்று மணிக்கு இருவரும் ஒரே காரில் கிளம்புகிறார்கள்.