மீதியை நான் சொல்றேன்

"சரியாப் பேசக் கத்துக்கலாம்னு வந்தவனுக்கு, வேணும்னே திக்கச் சொல்லிக் குடுத்திருக்கீங்களே, இது அடுக்குமா?"

அக்கா நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. கையிலிருந்த குடையின் நுனியால் தரையைத் தட்டித் தட்டிக் கேட்டாள். பேச்சுப் பயிற்சி தருகிற அந்தப் பெண்மணி, படித்துக்கொண்டிருந்ததை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

அக்காவின் பின்னால் தம்பி நின்றிருந்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். வேலையிலிருந்து அப்படியே இழுத்து வந்திருந்தாள். அவன் நகக்கண்களில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

"என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

"நேத்து மருந்துக் கடைக்குப் போனோம். எனக்குத் தலைவலி மாத்திரை வேணும். நான் கேட்டிருந்தா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வாங்கிட்டு வந்திருப்பேன். இவன் என்னைத் தடுத்துட்டு, தானே கேக்கறேன்னு கடைக்காரர் முன்னாடி போய் நின்னு 'மா... மா... மா'ன்னு இழுக்கறான். அந்த ஆளு என்ன சொன்னான் தெரியுமா? 'மாமா வெளிய போயிருக்காரு, சாயங்காலம் வாப்பா'ங்கறான்! கடையில நின்ன அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுது."

"அப்புறம்?"

"விடுவேனா? நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் வந்தேன். வெளிய வந்து இவனைக் கேட்டா, 'வேணும்னேதான் திக்கினேன், அது பாடம்'ங்கறான். பாடமாம் பாடம்! ஊரே சிரிக்கறதுக்கு இவன் என்ன கோமாளியா?"

"ஆமா, நான் குடுத்த பாடம்தான். திக்கிடுமோங்கற பயம்தான் தொண்டையை இன்னும் இறுக்குது. தானா முன்வந்து திக்கிப் பாத்தா அந்தப் பயம் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் போகும். சிரிச்சாங்கன்னா அந்த அசிங்கம் அவங்களுக்கு, இவருக்கு இல்ல." அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. அங்க உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"மொ... மொதல்ல கூ... கூ..."

"கூச்சமா இருந்துச்சாம்," என்றாள் அக்கா. "இருக்காதா பின்னே?"

தம்பி நகக்கண்ணிலிருந்த தூளைச் சுரண்டத் தொடங்கினான்.

"அவர் முடிக்கட்டுமே," என்றாள் பயிற்சி தருபவள்.

"முடிக்கற வரைக்கும் அவன் கழுத்து நரம்பு புடைக்கறதைப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா? அம்மா போனதுலேருந்து நான் வளத்த புள்ளைங்க இது. பள்ளிக்கூடத்துல பேர் சொல்லத் தெரியலன்னு வாத்தியார் பெஞ்சு மேல ஏத்தினப்போ, போய்ச் சண்டை போட்டது நான். பஸ்ல, பேங்க்ல, ஆஸ்பத்திரியில, எங்கேயும் இவனுக்கு வாய் நான்தான். இவன் மொத எழுத்தைச் சொன்னாப் போதும், மீதியை நான் சொல்லிடுவேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல."

"இனிமே அதைத்தான் நீங்க நிறுத்தணும்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "நல்லா இருக்கே! சிரிச்சவனை விட்டுட்டு, கூட நிக்கறவளை நிறுத்தச் சொல்றீங்க. என் தம்பிக்கு நான் பேசறதுல உங்களுக்கு என்ன குடைச்சல்?"

"அக்கா, உக்காரு."

தம்பிதான் சொன்னான். முதல் எழுத்தை மெல்ல, மூச்சோடு சேர்த்து வழியவிட்டுச் சொன்னான். ஒரு தடங்கலும் இல்லை. அக்கா திகைத்துப் போய் உட்கார்ந்தாள். குரல் இறங்கினாலும் கோபம் இறங்கவில்லை.

"நல்லாத்தானேடா இருந்தே? இத்தனை வயசுக்கப்புறம் உனக்கு ஏன் இந்த வம்பு? எவனோ உன் மனசு நோகற மாதிரி என்னவோ பேசியிருக்கான். அதான் எனக்குத் தெரியாம இங்க ஓடி வந்திருக்கே. கடை முதலாளியா? கூட வேலை செய்யறவனா? யார்னு மட்டும் சொல்லு. இப்பவே போய்ச் சட்டையைப் புடிச்சு உலுக்கிட்டு வர்றேன்."

"க... கடையில பில் போட்டுக்கிட்டு இருந்தாளே..."

"யாரு, அந்தச் சுருட்டை முடிக்காரியா? ஒருநாள் நம்ம வீட்டுக்குக்கூட வந்தாளே! அவளா உன்னைக் கேலி பண்ணினா? அப்பவே நினைச்சேன், அவ..."

பயிற்சி தருபவள் கையை உயர்த்தினாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள்.

"அவ கே... கேலி பண்ணல," என்றான் தம்பி. வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். நின்ற இடத்தில் நின்று, மூச்சு விட்டு, மறுபடி தொடங்கினான். கண்களை மட்டும் அக்காவிடமிருந்து எடுக்கவில்லை. "அவ வீட்ல கல்யாணத்துக்கு வே... வேற இடம் பாக்கறாங்கன்னு சொல்லத்தான் அன்னிக்கு வந்தா. 'என்னைப் புடிச்சிருக்கா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க'ன்னு வாசல்ல நின்னு கே... கேட்டா."

"சரி, அதுக்கு?"

"நான் 'பு... பு... புடி'ன்னு ஆரம்பிச்சேன். உள்ளேருந்து வந்த நீ, 'புடிக்கலையாம், அவனைத் தொந்தரவு பண்ணாதேம்மா'ன்னு அனுப்பிட்டே. அவ தெருமுனை தாண்டிப் போனப்புறம்தான்க்கா எனக்கு மீதி வந்துச்சு... 'புடிச்சிருக்கு'ன்னு."